கையெழுத்துக்காக உறையை உடைத்தேன்

சுங்கை சிப்புட்டில், சிஜிசி என்ற அமெரிக்க நிறுவனம் தரமிட்டு உறையில் அடைத்துத் தந்த காமிக்ஸ் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் போலும். பத்துக்கு 9.8 வாங்கிய இதழில் ஓவியரின் கையெழுத்து வேண்டுமென்றால் அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் உறையை உடைத்தே ஆக வேண்டும். உடைத்ததும் பழைய தரம் செல்லாது. கையெழுத்து அசல்தான் என்று சொல்லும் சிஜிசியின் மஞ்சள் லேபிளுக்கு, அவர்களின் சாட்சி பார்த்திருக்கக் கையெழுத்து விழ வேண்டும். பிறகு இதழ் நம் கைக்கு வராது. அவர் வழியாகவே தரமிடப் போகும். அதனால் கோலாலம்பூர் நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்குமுன் சாட்சி வருவாரா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

தரம் இறங்குமோ என்பதே என் கவலை. மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளாலான காலி உறையில், கையெழுத்து விழும் இடத்தை மட்டும் பிளேடால் சன்னல்போல் வெட்டிவிட்டு இதழை உள்ளே நுழைத்தேன். ஓவியரின் வியர்த்த உள்ளங்கை அட்டையில் படாது. கல்யாணப் பெண்ணுக்குக்கூட இத்தனை சோடனை இல்லை என்றார் மச்சான். கறுப்பு அட்டை என்பதால் வெள்ளி மைப் பேனா. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது காய நேரமாகும், அவசரப்பட்டால் மை உறையில் ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகே சாட்சி அதை மூடினார்.

9.6 என்று வந்தது. முதுகு மடிப்பில் ஒரு சிறு கோடாம். போகட்டும், லேபிள் மஞ்சள்.