பெருங்குடல் புற்றுநோய்: மரபணு அறிக்கையைப் படிக்கும் முறை

மரபணுப் பரிசோதனை அறிக்கையில் 'பெருங்குடல் புற்றுநோய் அபாயம் கூடுதல்' என்ற வரியைக் கண்டால், அது எவ்வகை மாற்றத்தைக் குறிக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஏபிசி மரபணுவிலோ, லிஞ்ச் நோய்க்குறியோடு (பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தை உயர்த்தும் பரம்பரைக் கோளாறு) தொடர்புடைய எம்எல்எச்1, எம்எஸ்எச்2 முதலியவற்றிலோ ஏற்படும் அரிய பிறழ்வு, தனியொன்றாகவே அபாயத்தைப் பெரிதும் உயர்த்த வல்லது. அத்தகைய முடிவு வந்தால் தாமதிக்காமல் மரபியல் ஆலோசகரை அணுக வேண்டும். மக்களில் மிகப் பலரிடம் காணப்படும் பொதுவான மாறுபாடுகளின் நிலை வேறு.

2007-இல் அடையாளம் காணப்பட்ட ஆர்எஸ்6983267 என்னும் மாறுபாடு, எட்டாம் குரோமோசோமில், செல் பெருக்கத்தை முடுக்கும் மிக் மரபணுவுக்குச் சற்றுத் தொலைவில் அமைந்துள்ளது. இவ்வளவு நன்றாக ஆராயப்பட்ட மாறுபாடே, தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வரும் அதன் ஒரு பிரதிக்கு, அபாயத்தை ஏறத்தாழ 1.2 மடங்குதான் ஆக்குகிறது. வாழ்நாளில் 100 பேரில் 4 பேருக்கு இந்நோய் வருகிறது என்று கொண்டால், அந்த 4 ஏறக்குறைய 5-ஐ நெருங்கும், அவ்வளவே. ஆகவே '20 சதவீதம் கூடுதல்' என்று அறிக்கை சொல்லும்போது, எதைவிடக் கூடுதல் என்று கேட்டு, 100 பேரில் எத்தனை பேர் என்ற கணக்குக்கு அதை மாற்றிக்கொள்ள வேண்டும். வீண் அச்சத்தைத் தவிர்க்க இதைவிட நல்ல வழியில்லை.

இத்தகைய மரபணு இடங்கள் இதுவரை 200-க்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றைச் சேர்த்துக் கணிக்கும் பன்மரபணு மதிப்பெண்ணுக்குப் பொருள் உண்டு என்றாலும், அடிப்படை ஆய்வுகளில் பங்கேற்றோர் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால், பிற வம்சாவளியினருக்கு அதன் துல்லியம் குறையலாம்.

மதிப்பெண்ணைவிடக் குடும்ப வரலாற்றையே நான் முன்னே வைப்பேன். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. எனவே யாருக்கு, எந்த வயதில் நோய் கண்டறியப்பட்டது என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த வயதுக்கு 10 ஆண்டுகள் முன்னரோ 40 வயதிலோ, எது முந்தியதோ அப்போதே கொலனோஸ்கோபியை (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை) தொடங்குவது பரவலாகப் பின்பற்றப்படும் நெறி. தாய்க்கு 46 வயதில் கண்டறியப்பட்டிருந்தால் பிள்ளைக்கு அது 36 வயது.

மதிப்பெண் குறைவாக வந்தாலும் வழக்கமான பெருங்குடல் பரிசோதனையைக் கைவிடக் கூடாது. வீட்டிலிருந்தே எச்சில் அனுப்பிச் செய்யப்படும் பரிசோதனைகளில் பல, லிஞ்ச் மரபணுக்களை முழுமையாகப் படிப்பதில்லை. மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, மலம் கழிக்கும் வழக்கம் மாறி நீடித்தாலோ, அறிக்கை என்ன சொன்னாலும் மருத்துவரைப் பாருங்கள்.