பழைய பத்திரிகைப் படங்களில் யூத வெறுப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஊட்டி, குன்னூர் பக்கம் பழைய பங்களா கைமாறும்போது பைண்டு பண்ணின ஐரோப்பியப் பத்திரிகைகளும் கட்டுக்கட்டாக வெளியே வருவதுண்டு. நூறு வருஷத்துக் கார்ட்டூன் என்று ஆசையாக வாங்கி ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டுவதற்கு முன்னால், வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு முன்னால், ஒரு நிமிஷம் நிதானியுங்கள். அவற்றில் சில யூதர்களைக் கேவலப்படுத்தவே வரைந்தவை. நம்மில் பலர் யூதர்களோடு பழகியதே இல்லை என்பதால் அது சட்டென்று பிடிபடாது.

எல்லோரும் முதலில் மூக்கைத்தான் பார்ப்பார்கள். ஆனால் கார்ட்டூன் என்றாலே மூக்கை இழுத்து வரைவதுதானே? அதே பக்கத்தில் இருக்கும் மற்றவர்களையும் பாருங்கள். மந்திரி, போலீஸ்காரர், பால்காரர் எல்லோருக்குமே முகம் கோணல் என்றால் அது ஓவியரின் பாணியாக இருக்கலாம். மற்றவர்கள் லட்சணமாக இருக்க, ஒருவருக்கு மட்டும் கொக்கி மூக்கு, தடித்த உதடு, கூனல் முதுகு, கையில் பண மூட்டை என்றால் விஷயம் வேறு.

அப்புறம் தேதி. 1898-ல் பாரிஸின் 'லெ ரீர்' என்ற கிண்டல் பத்திரிகையின் அட்டையில் சார்ல் லெயாந்த்ர் வரைந்த ராத்ஸ்சைல்டு (பேர்பெற்ற யூத வங்கிக் குடும்பம்) படம் இருக்கிறது: தலையில் கிரீடம், அதன் மேல் பொன் கன்றுக்குட்டி (பைபிளில் வரும் பொய்த் தெய்வம்), பூமி உருண்டையைக் கவ்வியிருக்கும் விரல்கள் பருந்தின் நகம் மாதிரி. தேதி தெரியாமல் பார்த்தால் ஏதோ பணக்காரரைக் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று தோன்றும். அந்த நேரத்தில் ட்ரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரி, செய்யாத தேசத்துரோகத்துக்காகத் தீவுச் சிறையில் கிடந்தார், தெருவில் யூதர்களுக்கு எதிராகக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தால் அந்த நகங்களின் அர்த்தமே மாறிவிடும்.

மூக்கைக் கோணலாக்காமலும் விஷம் ஏற்றலாம். 1493-ல் ஜெர்மனியில் அச்சான நியூரம்பெர்க் குரோனிக்கிள் என்ற உலக வரலாற்று நூலின் மரக்கட்டைப் படத்தில் ஒரு குழந்தையைச் சுற்றி நின்று அறுத்து, ரத்தத்தைப் பாத்திரத்தில் பிடிக்கிறார்கள். உடையில் யூதர் என்று காட்டும் வட்ட அடையாளம். படம் காட்டுவது ஒரு பொய்ப் பழியை: 1475-ல், இப்போது இத்தாலியில் இருக்கும் ட்ரென்ட் ஊரில் சைமன் என்ற குழந்தை இறந்தபோது, ரத்தத்துக்காகக் கொன்றதாக அங்கிருந்த யூதர்கள் மேல் பழி போட்டு, அவர்களைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அந்தக் குழந்தையைப் புனிதராக வணங்குவதைத் திருச்சபை நிறுத்த 1965 ஆனது. அதற்குள் நாஜி ஏடான 'டெர் ஷ்டூர்மர்' 1934-ல் இதே ரத்தப் பழிக்கு ஒரு சிறப்பிதழே போட்டுவிட்டது. ஆகவே கத்தி, ரத்தக் கிண்ணம், குழந்தை மூன்றும் சேர்ந்து வந்தால் உஷாராகிவிடுங்கள்.

போட்டோ எடுத்தால் முழுப் பக்கத்தையும் எடுங்கள், கீழே இருக்கும் வரியும் மேலே இருக்கும் தேதியும் கட்டாயம் விழ வேண்டும். படத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டால், வரைந்தவன் நினைத்த வேலையை நாமே செய்து கொடுத்த மாதிரி. வாங்கிய தாளை எரிக்கவும் வேண்டாம். விளக்கக் குறிப்போடு ஈரம் படாத உறையில் வையுங்கள்.

வகுப்பில் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "அவங்க நிஜமாவே வட்டிக்கு விட்டாங்கதானே சார்?" மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். சிலர் விட்டார்கள். இடைக்கால ஐரோப்பாவில் யூதர்கள் நிலம் வாங்கவும் கைவினைஞர், வணிகர் சங்கங்களில் சேரவும் பல ஊர்களில் தடை, கிறிஸ்தவர்கள் வட்டி வாங்கத் திருச்சபை விடவில்லை, ராஜாக்களுக்கோ பணம் தேவை. இங்கிலாந்தில் யூதர்களிடம் வரி மேல் வரி கறந்தார்கள், 1275-ல் வட்டித் தொழிலையும் தடை செய்தார்கள், 1290-ல் நாட்டை விட்டே துரத்தினார்கள்.