நடுவயதில் உடலுக்கு ஏற்ற பிராவைத் தேர்ந்தெடுப்பது எப்படி

நாற்பதைக் கடந்த பெண்களில் பலர், முதல் குழந்தை பிறந்த காலத்தில் வாங்கத் தொடங்கிய அதே எண்ணையே இன்றும் கடையில் சொல்லி வாங்குகிறார்கள். "முப்பத்தாறு கொடுங்கள்" என்றால் பெட்டி வரும், நிறத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு வந்துவிடுவோம். தோளில் பட்டை அழுத்திய தடமும், மாலையானால் கழுத்தைப் பிடிக்கும் வலியும், மார்பகத்தின் அடியில் வேர்த்து அரிப்பதும் வயதானால் வருபவைதான் என்று பொறுத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் அவற்றுக்குக் காரணம் வயது அல்ல, உடல் மாறிய பிறகும் மாறாத அந்த எண்தான். ஓர் இன்ச் டேப்பும் கால் மணி நேரமும் இருந்தால் இதை வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் சுரப்பு ஏறி இறங்கி, பிறகு படிப்படியாகக் குறைகிறது. அப்போது மார்பகத்தில் உள்ள பால் சுரப்பித் திசு சுருங்கி, அந்த இடத்தைக் கொழுப்புத் திசு நிரப்புகிறது. தோலின் இறுக்கமும் உள்ளிருந்து தாங்கும் இணைப்பு நார்களின் உறுதியும் தளர்கின்றன. இதனால் மார்பகத்தின் மேற்பகுதி வற்றினாற்போல் ஆகி, கனம் முழுவதும் கீழ்ப்பகுதியில் சேர்கிறது. முதுகிலும் அக்குள் ஓரத்திலும் சதை கூடுவதும் இந்த வயதில்தான். எடை ஒரு கிலோகூட மாறாத பெண்ணுக்கும் இந்த வடிவ மாற்றம் வரக்கூடும் என்பதால், எடை இயந்திரம் காட்டும் எண்ணை நம்பிப் பழைய அளவையே வாங்குவது சரியாக இராது.

அளவெடுக்கும்போது திணிப்பு இல்லாத, ஓரளவு நன்றாகப் பொருந்தும் பிரா ஒன்றை அணிந்து கண்ணாடி முன் நில்லுங்கள். மூச்சை வெளியே விட்டு, மார்பகத்துக்குச் சரியாகக் கீழே, விலா எலும்பின் மேல் டேப்பைச் சுற்றி, இறுக்கமாக ஆனால் சதை பிதுங்காத அளவில் பிடித்து, செ.மீ. கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். டேப் முதுகுப் பக்கம் ஏறியோ இறங்கியோ போகாமல் தரைக்கு இணையாக இருக்கிறதா என்பதைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். பெரும்பாலான பிழைகள் இந்த இடத்தில்தான் நேர்கின்றன. அடுத்து மார்பகத்தின் மிக நிறைவான பகுதியைச் சுற்றி, அழுத்தாமல் அளவெடுங்கள். தளர்ந்த மார்பகத்தை நின்றபடி மட்டும் அளந்தால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். ஆகவே இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, மார்பகம் தொங்கும் நிலையில் இன்னொரு முறை அளந்து, இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்வது நல்லது. மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருப்பவர்கள், மார்பகம் வீங்கி வலிக்கும் நாட்களைத் தவிர்த்து அளக்க வேண்டும்.

இனி எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. கீழ்ச் சுற்றளவு 68 முதல் 72 செ.மீ. வரை இருந்தால் 32, 73 முதல் 77 வரை 34, 78 முதல் 82 வரை 36, 83 முதல் 87 வரை 38, 88 முதல் 92 வரை 40 என்பது நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பிராக்களின் கணக்கு. இரண்டு சுற்றளவுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் கப்பின் எழுத்தைத் தீர்மானிக்கிறது: ஏறத்தாழ 13 செ.மீ. என்றால் ஏ, 15 என்றால் பி, 17 என்றால் சி, 19 என்றால் டி, 21 என்றால் அதற்கும் அடுத்தது. கீழ்ச் சுற்றளவு 80, மேல் சுற்றளவு 97 உள்ள ஒருவருக்கு 36சி பொருந்த வேண்டும். சில பிரிட்டன் பிராண்டுகளில் 34 என்ற எண் கீழ்ச் சுற்றளவின் அங்குலத்தையே குறிக்கும். எனவே எந்தப் பிராண்டாக இருந்தாலும் அதன் அளவு அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுவது பாதுகாப்பானது.

நம் ஊர்களில் சிறிய கடைகள் பலவற்றில் பி கப்பைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. 36சி அணிய வேண்டியவருக்கு அங்கே 38பி கிடைக்கும். இரண்டின் கப்பும் கொள்ளளவில் ஒன்றே என்பதால் முன்பக்கம் பார்க்கச் சரியாகத்தான் தோன்றும், ஆனால் சுற்றுப்பட்டை தளர்வாக இருக்கும். கேடு தொடங்குவது இங்கேதான். மார்பகத்தின் கனத்தைத் தாங்க வேண்டியது உடலைச் சுற்றி வரும் அடிப்பட்டை, பிராவின் தோள் மேல் வரும் தோள்பட்டைகள் அல்ல. அடிப்பட்டை தளர்ந்தால் முதுகுப் பக்கம் மேலேறும், முன்பக்கம் கீழிறங்கும், அதை இழுத்துப் பிடிக்கத் தோள்பட்டையை இறுக்குவோம், அது தோளை அறுக்கும். தோளில் பள்ளம் விழுந்த பெண்ணுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது அகலமான தோள்பட்டை மட்டும் அல்ல. ஓர் எண் குறைந்த சுற்றளவும் ஓர் எழுத்து கூடிய கப்பும் ஆகும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

போட்டுப் பார்க்கும்போது முதலில் வெளிப்பக்க ஹூக்கில், அதாவது மிகத் தளர்வான வரிசையில் மாட்டுங்கள். துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் தளரும்போது உள் வரிசைகளுக்குப் போவதற்காகத்தான் அவை இருக்கின்றன. புதிதிலேயே கடைசி ஹூக்கில்தான் நிற்கிறது என்றால் அந்த அளவு உங்களுக்குப் பெரியது. மாட்டியதும் சற்று முன்னால் குனிந்து, அக்குள் பக்கம் ஒதுங்கியிருக்கும் மார்பகத் திசுவைக் கையால் கப்புக்குள் கொண்டுவந்துவிட்டு நிமிருங்கள்; இதைச் செய்யாமல் எந்தக் கப்பையும் மதிப்பிட முடியாது. முதுகுப்பட்டை நேர்கோட்டில் இருக்க வேண்டும், அதற்கடியில் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. கம்பி வைத்த பிரா என்றால் அந்தக் கம்பி மார்பகத்தின் மீது ஏறாமல் அதன் அடிமடிப்பைச் சுற்றி விலா எலும்பில் அமர வேண்டும். இரு கப்புகளையும் இணைக்கும் நடுப்பகுதி நெஞ்செலும்பில் படிந்திருக்க வேண்டும். பிறகு இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பாருங்கள். பரணில் இருந்து பாத்திரம் எடுப்பதும் குனிந்து கோலமிடுவதும் நம் அன்றாட வேலைகள் என்பதால், நிமிர்ந்து நிற்கும்போது மட்டும் பொருந்தும் பிராவினால் பயனில்லை.

கப்பின் மேல்விளிம்பில் இடைவெளி தெரிந்தால் உடனே சிறிய கப்புக்குப் போகாதீர்கள். நடுவயதில் அந்த இடைவெளிக்குக் காரணம் பெரும்பாலும் கப்பின் அளவு அல்ல, அதன் வடிவம். விறைப்பாக அச்சில் வார்த்த கப் மேற்பகுதி நிறைந்த இளவயது மார்பகத்துக்கு ஏற்றது. இப்போது தேவைப்படுவது இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டித் தைத்த, தையல் கோடு தெரியும் மென்மையான கப். அது கீழிருந்து ஏந்தி, மேலே உடலோடு படியும். இரு மார்பகங்களும் ஒரே அளவில் இருப்பது அரிது என்பதால், பெரியதற்குப் பொருந்துவதை வாங்கி, சிறியதன் பக்கம் தோள்பட்டையைச் சற்றுக் குறுக்கிக்கொள்ளலாம். பெரிய மார்பகம் உடையவர்கள் மூன்று வரிசை ஹூக், அகன்ற பக்கவாட்டுத் துணி, குறைந்தது 2 செ.மீ. அகலத் தோள்பட்டை ஆகிய மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். கம்பி இல்லாமலே இவை போதிய தாங்குதலைத் தரும்.

துணியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில், உள்ளுக்குள் திடீரென அனல் பரவி வேர்த்துக் கொட்டும் வயதில், தோலைத் தொடும் பக்கம் பருத்தியாகவோ, மரக்கூழிலிருந்து செய்யும் மென்மையான மோடல் துணியாகவோ இருப்பதும், நீண்டு சுருங்கும் இழையான எலாஸ்டேன் சிறிதளவு கலந்திருப்பதும் நல்லது. தடித்த ஸ்பாஞ்சு வைத்த கப்புகள் வேர்வையை உறிஞ்சிக்கொண்டு உலராமல் கிடக்கும்.

மார்பகத்தின் அடிமடிப்பில் தோல் சிவந்து, எரிந்து, வெண்மையான படலம் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது எளிதில் வரும், எனவே பவுடர் கொட்டி மறைக்காமல் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தோள்மூட்டு இறுகிப்போகும் உறைதோள் நோயும் 40 முதல் 60 வயதுக்குள், குறிப்பாக நீரிழிவு உள்ள பெண்களிடம், அதிகம் காணப்படுகிறது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முடியாத அந்த மாதங்களில் முன்பக்கம் ஹூக் வைத்த பிராக்கள் பெரிய உதவி. அவற்றில் ஒரே வரிசை ஹூக் உள்ளவற்றைத் தளரும்போது இறுக்க வழியில்லை என்பதால், அடிப்பட்டை கச்சிதமாக இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். மார்பகத்தை அறுவை சிகிச்சையால் அகற்றியவர்களுக்குச் செயற்கை மார்பகத்தை வைத்துக்கொள்ளும் உட்பை தைத்த பிராக்கள் தனியே கிடைக்கின்றன. தழும்பு முழுமையாக ஆறிய பின், சிகிச்சை அளித்த மருத்துவமனையிலேயே கேட்டு வாங்குவது சிறந்தது.

கம்பி வைத்த பிரா புற்றுநோய் தரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைப் பல வீடுகளில் இன்னும் நம்புகிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1,500க்கும் மேற்பட்ட, மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், கம்பி இருப்பதற்கோ, கப் அளவுக்கோ, நாள்தோறும் எத்தனை மணி நேரம் அணிகிறார்கள் என்பதற்கோ மார்பகப் புற்றுநோயோடு தொடர்பு எதுவும் காணப்படவில்லை. அஞ்ச வேண்டியது கம்பிக்கு அல்ல. ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் பெருப்பது, கட்டி தட்டுப்படுவது, தோல் உள்ளிழுத்துக் குழிவது, காம்பில் நீரோ இரத்தமோ கசிவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் புதிய பிரா வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு அந்த வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள்.

உள்ளாடைகளைத் திரும்பப் பெறுவதில்லை என்று எழுதி வைத்திருக்கும் கடைகளே அதிகம். ஆகவே போட்டுப் பார்க்கும் அறையும் பெண் விற்பனையாளரும் உள்ள கடைக்குக் கூட்டம் குறைந்த வார நாளில் போவதும், தயங்காமல் மூன்று நான்கு அளவுகளைக் கேட்டுப் பார்ப்பதும் நம் உரிமை. இணையத்தில் வாங்குவதானால் மாற்றித் தரும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, முதலில் ஒன்றை மட்டும் வாங்கி, துணியில் கோத்த விலைச்சீட்டைக் கிழிக்காமல் வீட்டில் ஒரு மணி நேரம் அணிந்து பார்த்த பிறகே அடுத்ததை வாங்குங்கள். புடவை உடுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிராவின் அளவும் வடிவமும் மாறினால் ரவிக்கையின் மார்புத் தையலும் இடம் மாறும். தையல்காரரிடம் அளவு ரவிக்கையைக் கொடுத்துவிட்டு வராமல், புதிய பிராவை அணிந்துபோய்ப் புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள்.

எலாஸ்டிக்கைக் கெடுப்பவை சூடும் வேர்வை உப்பும்தான். ஒருமுறை அணிந்ததைத் துவைக்காமல் மறுநாள் அணியக் கூடாது. மூன்று இருந்தால் மாற்றி மாற்றி அணியலாம். குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புத்தூள் போட்டுக் கையால் அலசி, முறுக்காமல் பிழிந்து, தோள்பட்டையில் தொங்கவிடாமல் நடுப்பகுதியைக் கொடியில் போட்டு நிழலில் உலர்த்த வேண்டும். துண்டுக்கும் புடவைக்கும் அடியில் மறைத்து உலர்த்தும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஈரம் போகாத துணிதான் மழைக்காலத்தில் அந்த அரிப்பைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறது. கடைசி வரிசை ஹூக்கிலும் முதுகுப்பட்டை மேலேறத் தொடங்கினால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். தோள்பட்டையை இறுக்கி இன்னும் சில மாதம் ஓட்டாமல், டேப்பை எடுத்து மறுபடியும் அளந்து அடுத்ததை வாங்குங்கள்.