விரல் மடங்காத கைக்கு ஏற்ற பிரஷ் பிடி

மூட்டுவாதத்தாலோ பக்கவாதத்தாலோ விரல்கள் முழுசாக மடங்காதவர்களால் மெலிந்த பல் துலக்கும் பிரஷ் காம்பை இறுக்கிப் பிடிக்க முடியாது. காம்பைப் பருமனாக்கினால் விரல் பாதி மடங்கினாலே போதும். பிரஷ்ஷை 3 மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டியிருப்பதால், பிடி கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். பசையோ எம்-சீலோ வேண்டாம். எம்-சீல் கனம், வழவழப்பான காம்பில் சரியாக ஒட்டவும் ஒட்டாது.

முதலில் அளவு. செய்தித்தாளை இறுகச் சுருட்டி 25, 30, 35 மி.மீ. தடிமனில் மூன்று உருளைகள் செய்யுங்கள். ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். எது நழுவாமல் நிற்கிறதோ அதுதான் அளவு. ரொம்பப் பருமனானால் விரல் சுற்றி வராது, அதுவும் நழுவும்.

பலருக்கு 30 மி.மீ. சரிப்படும். அதற்குச் சைக்கிள் ஹேண்டில்பார் ரப்பர் பிடியே போதும். விரல் பள்ளம் வைத்தது வேண்டாம், வீங்கிய மூட்டில் குத்தும். மெல்லிய வரி போட்டதாக வாங்குங்கள்.

அதன் உள்துளை சுமார் 22 மி.மீ., பிரஷ் காம்போ 10 முதல் 14. நடுவிலுள்ள இடைவெளியைப் பழைய சைக்கிள் ட்யூபால் நிரப்ப வேண்டும். 2 செ.மீ. அகலத்துக்கு நாடாவாக வெட்டி, காம்பின் அடியில் ஒன்று, பிடியின் வாய் வரும் இடத்தில் ஒன்று என இழுத்துச் சுற்றுங்கள். நான்கைந்து சுற்று பிடிக்கும். தண்ணீரில் நனைத்துத் திருகிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். சோப்பு போட்டால் சுலபமாகப் போகும், ஆனால் அப்புறமும் வழுக்கிக்கொண்டே இருக்கும். பிரஷ் தலையோடு சேர்த்து 8 செ.மீ. வெளியே நிற்கட்டும், குறைந்தால் கடைவாய்ப் பல்லை எட்டுவதற்குள் பிடி உதட்டில் இடிக்கும். பிடியின் வாயிலுள்ள வளையத்தை வெட்டிவிடாதீர்கள். கட்டைவிரல் முன்னே வழுகாமல் தடுப்பதும், வழிந்து வரும் நுரையைப் பாதியாவது நிறுத்துவதும் அதுதான்.

உருண்டையான பிடி ஈரக் கைக்குள் சுழலும், நார் எந்தப் பக்கம் என்றே தெரியாது. பழைய பிரஷ் காம்பில் 5 செ.மீ. துண்டு வெட்டி, முனைகளை உப்புத்தாளில் தேய்த்து, நாருக்கு முதுகுப்பக்கமாகப் பிடியின் மேல் நெடுக்காக வைத்து, அதன்மேல் ட்யூபை ஒரு சுற்று சுற்றுங்கள். அந்த மேட்டில் கட்டைவிரல் உட்கார்ந்துகொள்ளும்.

விரலே மடங்காதவருக்கு 25 மி.மீ. வெல்க்ரோ பட்டையைப் பிடியோடு சேர்த்துப் புறங்கையைச் சுற்றிப் போடலாம், ஒரு விரல் நுழையும் தளர்ச்சியோடு.

பலர் மறப்பது வடிகால். பிரஷ்ஷை நிறுத்தி வைத்தால் தண்ணீர் காம்பு வழியே இறங்கிப் பிடியின் மூடிய அடியில் தேங்கி நாறும். சூடான ஆணியால் அடியில் 5 மி.மீ. ஓட்டை போடுங்கள். வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவி உலர்த்துங்கள். ஸ்பாஞ்சும் பேண்டேஜ் துணியும் மெத்தென்று இருந்தாலும் உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும்.

கடைசியாகச் சோதிக்கும்போது கையை நனைத்து, பேஸ்ட் நுரையோடு சோதியுங்கள். உலர்ந்த கையில் எந்தப் பிடியும் நன்றாகத்தான் இருக்கும்.