கண்மாயைத் தாண்டிக் கடலுக்கு: கரையோரத் தூண்டிலுக்கு இரையும் லூரும் எடுப்பது எப்படி?

மதுரைப் பக்கம் தூண்டில் பழகியவர்களுக்கு இரை என்றால் மண்புழு, இல்லாவிட்டால் மைதா உருண்டை. ஊர்க் கண்மாயில் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் அது போதும். விராலுக்குத் தவளை உருவத்தில் ஒரு லூர், அதாவது செயற்கை இரை, இருந்தால் இன்னும் நல்லது. அதே பையைத் தூக்கிக்கொண்டு பாம்பனுக்குப் போனால்தான் சிக்கல். உப்புத் தண்ணீரில் மண்புழு சீக்கிரம் செத்து, வெளுத்து, நூலாகத் தொங்கும். மைதாவுக்கு மடவை வரலாம், ஓரா வரலாம். இறாலும் நண்டும் சின்ன மீனும் தின்று வளர்ந்த மீன்கள் அதைச் சட்டை செய்வதில்லை.

இன்னொரு பக்கம், கடல் தூண்டில் என்றதும் ஆன்லைனில் ஐம்பது லூர் கொண்ட பெட்டியை ஆர்டர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் பெட்டியிலேயே துருப்பிடிக்கும். முதல் சில பயணங்களுக்கு லூரைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. இரை போட்டு மீன் பிடிக்கும்போதுதான் மீன் எங்கே நிற்கிறது, எந்த நேரத்தில் கடிக்கிறது என்பது கைக்குப் புரியும். லூருக்கு அந்த அறிவுதான் முதல்.

படி 1: எந்தக் கடல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலையில் சுமார் 170 கிலோமீட்டர். மண்டபத்தைத் தாண்டினால் இரண்டு கடல் கையில் கிடைக்கும். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ராமேஸ்வரத்துக்காரர்கள் வடபக்கத்தைப் பெண்கடல் என்றும் தென்பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கையில் தென்கடல் கொந்தளித்துக் கிடக்கும், வடகடல் ஓரளவு அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வந்தால் அப்படியே தலைகீழ். காற்று முகத்தில் அறையும் பக்கம் நின்று புதிதாகப் பழகுகிறவர் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

இரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வடகடல் ஆழம் குறைவு. சேறும் கடல்புல்லும் அதிகம். காற்று வீசினால் தண்ணீர் கலங்கிவிடும். கலங்கிய தண்ணீரில் மீன் கண்ணை விட மூக்கைத்தான் நம்பும். அங்கே வாடை வீசும் இரை வேண்டும். தென்கடலில் பாறையும் பவளத்திட்டும் உண்டு, பல நாள் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து கிடக்கும். அங்கே மீன் பார்த்துத்தான் கடிக்கும். மெல்லிய நரம்பும் (தூண்டில் நூல்), இயல்பாக அசையும் இரையும் தேவை. லூர் வேலை செய்வதும் பெரும்பாலும் இந்தத் தெளிந்த தண்ணீரில்தான்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. குருசடைத் தீவுப் பக்கம் படகில் கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் தூண்டிலோடு போகாதீர்கள். கடல் அட்டை, கடல் குதிரை இரண்டும் வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. கரையில் கிடந்தாலும் எடுத்து இரையாகக் கோர்க்கும் யோசனையே வேண்டாம்.

படி 2: கரையில் விசாரியுங்கள்

படகுகள் கரை சேரும் காலை நேரத்தில் போய் நின்றால் அன்றைய பாடம் இலவசமாகக் கிடைக்கும்.

"அண்ணே, இன்னைக்குப் பாடு எப்படி?"

"சூடைதான் தம்பி, வேற ஒண்ணுமில்ல."

பாடு என்றால் அன்றைக்குப் பிடிபட்ட மீன். இந்த ஒரு வரி போதும். கரைப்பக்கம் சூடை என்ற சின்ன மீன் நிறைய இருக்கிறது என்றால், பெரிய மீன் அதைத் துரத்திக்கொண்டு பக்கத்தில்தான் எங்கேயோ திரியும். அன்றைக்கு உங்கள் இரை சூடை. லூர் போடுவதென்றாலும் சூடை நீளத்துக்கு, வெள்ளியாக மினுங்குவதுதான். இறால் பாடு என்றால் இறால். கடல் அன்றைக்கு எதைப் பரிமாறுகிறதோ அதையே நாமும் கொடுக்க வேண்டும். கையில் ஐந்து கிலோ ஐஸ் இறால் இருக்கிறதே என்று பிடிவாதம் பிடித்தால் நஷ்டம் நமக்குத்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கரையில் இறால் கிடைப்பது சிரமம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் சூடை, சாளையை நம்ப வேண்டியதுதான்.

படி 3: இரையைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே ஒரு இரைதான் வாங்க முடியும் என்றால் இறால் வாங்குங்கள். கரையோரத்தில் இறாலை வேண்டாம் என்று சொல்லும் மீன் குறைவு. மணல் தரையில் கிழங்கான், பாறை ஓரத்தில் விளமீன், கழிமுகத்தில் கொடுவா, எல்லாம் இறாலுக்கு வரும். கறிக்கு வாங்கும் பெரிய இறால் தேவையில்லை, விரல் நீளப் பொடி இறால் போதும். தலை கறுத்து, ஓடு தளர்ந்து போனதை வாங்காதீர்கள். முதல் வீச்சிலேயே தூண்டில் முள்ளை விட்டுக் கழன்றுவிடும்.

இறாலின் குறை அதுதான், சதை மெத்து. பொடி மீன்கள் கொத்திக் கொத்தி ஐந்து நிமிடத்தில் முள்ளை வெறுமையாக்கிவிடும். அந்த இடத்தில் கணவாய் எடுங்கள். ஊசிக்கணவாயின் தோலை உரித்து, சதையை ஒரு விரல் நீளத்துக்கு, ஒரு முனை அகலமும் மறுமுனை கூர்மையுமாக வெட்டினால் தண்ணீரில் சின்ன மீன் வாலாட்டுவது போல அசையும். ரப்பர் போல இழுபடும் சதை, எளிதில் பிய்ந்து போகாது. ஒரு துண்டில் இரண்டு மூன்று மீன்கூடப் பிடிக்கலாம். விலை கூடுதல்தான், ஆனால் கால் கிலோ ஒரு நாளைக்குத் தாராளம்.

சாளையும் சூடையும் எண்ணெய் மீன்கள். அந்த எண்ணெய் தண்ணீரில் பரவுவதால் கலங்கிய கடலிலும் இரவிலும் இவற்றுக்கு இணை கிடையாது. கெளுத்தியும் திருக்கையும் இந்த வாடைக்குத்தான் முதலில் வரும் என்பது தெரிந்தே போடுங்கள். முழு மீனாக வேண்டாம், சாய்வாக வெட்டிய துண்டு போதும். தலைப்பக்கத் துண்டு அதிக நேரம் முள்ளில் நிற்கும்.

உயிர் இரை பற்றிக் கேட்பீர்கள். உயிரோடு இருக்கும் இறாலோ சின்ன மடவையோ கிடைத்தால் கொடுவாவுக்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் வாளி, காற்றுப் பம்பு, வெயிலில் தண்ணீர் மாற்றும் வேலை எல்லாம் சேர்ந்து வரும். பழகியபின் பார்த்துக்கொள்ளலாம்.

மதுரையிலிருந்தே இரை கொண்டுபோகிறவர்களுக்கு உப்பு இரை நல்ல வழி. முதல் நாள் கரிமேடு மீன் மார்க்கெட்டில் பொடி இறாலோ சாளையோ வாங்கி, இறாலை உரித்து, சாளையைத் துண்டு போட்டு, டப்பாவில் ஒரு வரிசை கல்லுப்பு, ஒரு வரிசை இரை என்று அடுக்கி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் ஊறி நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். சதை இறுகி, முள்ளில் உறுதியாக நிற்கும். வீட்டில் ஃபிரிட்ஜுக்கு அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு.

படி 4: முள்ளும் கோர்ப்பும்

முள்ளின் எண்ணில் புதியவர்கள் குழம்புவார்கள். 8, 6, 4, 2 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1 வந்தபின் 1/0, 2/0, 3/0 என்று எண் ஏற ஏற இன்னும் பெரிதாகும். கிழங்கானுக்கு வாய் சின்னது, 8 அல்லது 6 வேண்டும். விளமீனுக்கு 2 முதல் 1/0 வரை. கொடுவாவுக்கு 3/0க்குக் கீழே போக வேண்டாம். மீன் பெரிதாக வேண்டும் என்ற ஆசையில் பெரிய முள்ளைக் கட்டினால் கரையோரத்து மீன் இரையை மட்டும் தின்றுவிட்டுப் போகும்.

இறாலின் தலையைக் கிள்ளிவிட்டு, வால் முனையிலிருந்து முள்ளை உள்ளே செலுத்தி, உடம்பின் வளைவிலேயே கொண்டுபோய், முள் முனை வெளியே தெரியும்படி நிறுத்துங்கள். முனை சதைக்குள் புதைந்திருந்தால் மீன் வாயில் ஏறாது. கணவாயை நேர்மாறாகக் கோர்க்க வேண்டும்: அகலமான முனையில் ஒரே ஒரு குத்து, மீதி சும்மா தொங்கட்டும். சாளைத் துண்டைத் தோல் வழியாக இரண்டு முறை குத்தி, மெல்லிய எலாஸ்டிக் நூலால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டால் வீச்சில் பறக்காது.

முனை உள்பக்கமாக வளைந்த வட்ட முள் பயன்படுத்தினால் மீன் இழுத்ததும் ராடை வெடுக்கென்று தூக்காதீர்கள். கண்மாய்ப் பழக்கம் கையை இழுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். நரம்பு இறுகும் வரை நிதானமாக ரீலைச் சுற்றினால் முள் தானாகவே வாய் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும்.

படி 5: இனி லூர்

தொடங்குபவருக்கு மூன்று வகை போதும்.

முதலாவது மெட்டல் ஜிக், அதாவது மீன் போல மினுங்கும் உலோகத் துண்டு, 20 முதல் 40 கிராம் வரை. ஈயக்குண்டு போலப் பறக்கும், எதிர்க்காற்றிலும் தூரம் போகும். ஊளியும் பாறை மீனும் சூடைக் கூட்டத்தைத் துரத்தும் காலை நேரத்தில் இதைத் தூர வீசி வேகமாகச் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அது வெறும் இரும்புத் துண்டு. ஊளியின் பல் நரம்பைக் கத்தி போல் அறுக்கும் என்பதால் லூருக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி லீடர் கட்டாயம்.

இரண்டாவது ரப்பர் மீன். மூன்று நான்கு அங்குல நீளம், 7 முதல் 14 கிராம் வரை எடையுள்ள ஜிக் ஹெட், அதாவது ஈயத் தலை வைத்த முள். இது பொறுமைக்காரர்களின் லூர். வீசி, தரையைத் தொடவிட்டு, ராடு முனையை லேசாக உயர்த்தி, மறுபடி விழவிட்டு, அப்புறம் தளர்ந்த நரம்பைச் சுற்றிக்கொள்ள வேண்டும். அது கீழே விழும்போதுதான் பெரும்பாலும் கடி வரும். கழிமுகம், கல் கொட்டிய கரை, பழைய தூண்கள் இருக்கும் இடங்களில் கொடுவாவுக்கும் களவாவுக்கும் இதுதான். கடல்புல் நிறைந்த வடகடலில் முள் முனை ரப்பருக்குள் மறைந்திருக்கும் வகையை வாங்குங்கள். இல்லையென்றால் வீச்சுக்கு வீச்சு ஒரு கட்டுப் புல்தான் வரும்.

மூன்றாவது கணவாய் ஜிக். இறால் உருவம், பின்னால் கிரீடம் போல ஊசிகள். இரவில் விளக்கு வெளிச்சம் விழும் தண்ணீரில் மெதுவாக இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்தி வந்தால் ஊசிக்கணவாய் வந்து கட்டிப்பிடிக்கும். மாட்டியதைக் கழலவிடாமல் பிடிக்கும் எதிர்முள் அந்த ஊசிகளில் கிடையாது, நரம்பைத் தளரவிட்டால் நழுவிவிடும். இப்படிப் பிடித்த கணவாயே மறுநாள் காலைக்கு இரை.

மினோ, பாப்பர் போன்ற மற்ற லூர்கள் எல்லாம் பார்க்க அழகாக இருக்கும். அவசரமில்லை. வாங்குவதற்கு முன் உங்கள் ராடில் எழுதியிருக்கும் வீச்சு எடையைப் பாருங்கள். 10 முதல் 40 கிராம் என்று எழுதியிருக்கும் ராடில் 60 கிராம் ஜிக்கை முழு பலத்தோடு வீசினால் ராடு உடையும். 5 கிராம் ரப்பரை வீசினால் காலடியிலேயே விழும்.

நிறத்துக்கு இவ்வளவு போதும்: தெளிந்த தண்ணீரில் வெள்ளி, நீலம், பச்சை. கலங்கலில் வெள்ளை, மஞ்சள், தங்கம். விடியற்காலை அரை இருட்டில் கறுப்பு நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் கீழிருந்து பார்க்கும் மீனுக்கு அந்த உருவம் வானத்தின் பின்னணியில் தெளிவாகத் தெரியும்.

கடி வராவிட்டால்

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை என்றால் உடனே லூர் நிறத்தை மாற்றுவதுதான் எல்லோரும் செய்வது. அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் இடம்: இருபது அடி நகர்ந்து, நீரோட்டம் கல்லைச் சுற்றித் திரும்பும் ஓரமாக வீசுங்கள். அடுத்து ஆழம்: தரையில் கிடக்கும் இரையை மிதப்பு கட்டித் தூக்குங்கள், அல்லது லூரை இன்னும் மூழ்கவிடுங்கள். அப்புறம் அளவு, பெரும்பாலும் சின்னதாக்க வேண்டியிருக்கும். பிறகு இழுக்கும் வேகம். இவ்வளவும் பார்த்த பின்பும் ஒன்றுமில்லை என்றால் நிறத்தை மாற்றுங்கள்.

நேரமும் முக்கியம். நம் பக்கம் ஏற்ற வற்றத்தில் தண்ணீர் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது, ஆனாலும் அந்தச் சின்ன ஓட்டம்தான் இரை மீனை நகர்த்துகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் கூடும். தனுஷ்கோடியைத் தாண்டிய அரிச்சல்முனை போன்ற இடங்களில் ஓட்டம் ஆளையே இழுக்கும், அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வீசும் வேலை வேண்டாம்.

நாம் கேட்காமல் வருபவை

இரை போட்டால் விரும்பிய மீன் மட்டும் வராது. கெளுத்தியின் முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று விஷ முட்கள் உண்டு. ஓராவின் துடுப்பு முட்களும் அப்படித்தான். வெறுங்கையால் பிடிக்காமல் துணி போட்டு அழுத்தி, குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் தோல் பொறுக்கும் அளவு சுடுநீரில் குத்திய இடத்தை முக்கிவைத்தால் வலி குறையும், அப்படியே மருத்துவரிடம் போய்விடுங்கள். திருக்கை வந்தால் வாலுக்குப் பக்கத்திலேயே போக வேண்டாம், நரம்பை அறுத்து விட்டுவிடுங்கள்.

பந்து போல ஊதும் பேத்தை மீன் வந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அதன் விஷம் சமைத்தாலும் போகாது. பூனைக்கும் போடக்கூடாது. ரப்பர் மீனின் வால் வீச்சுக்கு வீச்சு அரைவட்டமாகக் கடிபட்டு வந்தால் அங்கே பேத்தைக் கூட்டம் நிற்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் ரப்பரைப் பெட்டியில் போட்டுவிட்டு மெட்டல் ஜிக்கை எடுங்கள், இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள்.