மலை ஊற்றுகளைக் காக்கும் சட்ட முயற்சிகள் எங்கே சறுக்குகின்றன?

நீலகிரி மேட்டின் சோலைகளிலும் புல்வெளிகளிலும் சதுப்புகளிலும் ஊறும் தண்ணீர்தான் மோயாறாகவும் பவானியாகவும் இறங்குகிறது. ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் கீழ்பவானிப் பாசனத்தின் 2 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அதை நம்பியிருக்கிறது. அந்த மேட்டைக் காக்க மனு எழுதுபவர்களில் பலர் முதல் வரியிலேயே இடறுகிறார்கள்: 'எங்கள் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதுகிறார்கள். வருவாய்ப் பதிவேட்டில் நீர்ப்பிடிப்பு என்று ஒரு நில வகை கிடையாது. அங்கே இருப்பது சர்வே எண்ணும் அதற்கு எதிரே ஒரு வகைப்பாடும்தான். காப்புக்காடு, தனியார் காடு, பட்டா நிலம், ஓடைப் புறம்போக்கு, தீர்வை ஏற்படாத தரிசு என்று ஒரே ஓடை பலவற்றைக் கடந்து வரும். ஒவ்வொன்றுக்கும் வேறு சட்டம், வேறு அதிகாரி, வேறு கெடு. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இதைப் பார்க்காமல் விடுவதால் வருபவை.

சர்வே எண் இல்லாத மனு

'மலை அழிகிறது' என்ற மனு எந்த அலுவலகத்திலும் நடவடிக்கையாக மாறாது. முதலில் கிராம வரைபடம், அ-பதிவேடு (சர்வே எண் வாரியான நில விவரப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கிடைக்காவிட்டால், 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பிறகு 1:50,000 அளவுள்ள சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். சிறு ஊற்றுகள் அதில் பெரும்பாலும் இருக்காது. அதனால் மார்ச், ஏப்ரலில் நேரில் நடந்து, கோடையிலும் நீர் கசியும் இடங்களை ஜிபிஎஸ் குறியீட்டோடும் தேதியிட்ட படத்தோடும் குறிக்க வேண்டும். மழைக்காலத்தில் எடுத்த படத்தைக் காட்டினால், 'அது வெறும் மழைநீர் வடிகால்' என்று எதிர்த்தரப்பு எளிதில் தள்ளிவிடும்.

மரத்தை மட்டும் காப்பது

நமக்குத் தெரிந்த மலைச் சட்டங்கள் பெரும்பாலும் மரத்தைச் சுற்றியே எழுதப்பட்டவை. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதியில் மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் மரம் வெட்டக் கூடாது. ஆனால் நீலகிரியில் நீரைப் பிடித்து வைப்பதில் பெரும் பங்கு புல்வெளிக்கும் அதன் மடியில் இருக்கும் சதுப்புக்கும் உண்டு. அங்கே வெட்ட மரமே இல்லாததால், பொக்லைன் வைத்து வடிகால் தோண்டி சதுப்பைக் காய வைப்பவர் மீது மரச் சட்டத்தின் வெட்டுப் பிரிவு பாயாது. அதே சட்டம் மலை நிலத்தில் சாகுபடி செய்வதையும் முறைப்படுத்துகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புல்வெளி உழப்படும் இடத்தில் புகார் அந்தப் பிரிவின் கீழ்தான் எழுதப்பட வேண்டும்.

இதைவிட மோசமானது, பாதுகாப்பு என்ற பெயரில் புல்வெளியில் மரம் நடுவது. சீகையும் (வாட்டில் மரம்) தைலமரமும் நடப்பட்ட மேடுகளை மறுபடி புல்வெளியாக்க எவ்வளவு பாடு என்பது நீலகிரியில் எல்லோருக்கும் தெரியும். ஒரு திட்டத்துக்கு ஈடாகக் காடு வளர்க்கப் புல்வெளியை ஒதுக்கினால், அந்த இடத்தேர்வையே எதிர்த்து ஆட்சேபம் எழுதுங்கள்.

காட்டுக்கு வெளியே இருக்கும் இயற்கைச் சதுப்புக்கு 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் உதவும். அறிவிக்கை வந்துவிட்டால், கடந்த 10 ஆண்டுகளின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது. காப்புக்காட்டுக்குள் இருக்கும் சதுப்புக்கு இந்த விதிகளைக் கேட்டு மனு போடுவது வீண். அங்கே வனச் சட்டங்கள்தான் பொருந்தும். கோத்தகிரி லாங்வுட் சோலை 2024இல் ராம்சார் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது நல்ல செய்தி. ஆனால் அந்தத் தகுதி சோலையின் எல்லையோடு நின்றுவிடுகிறது. எல்லைக்குக் கீழே பட்டா நிலத்தில் ஓடும் ஓடையை அது காக்காது.

தனியார் காட்டில் விற்பனையைக் கவனிக்காதது

1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் மரம் வெட்டுவதை மட்டும் தடுக்கவில்லை. அறிவிக்கப்பட்ட தனியார் காட்டை, அச்சட்டப்படி அமைந்த குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. ரிசார்ட்டுக்காக மலைச்சரிவைத் துண்டு துண்டாக விற்பது, கோடாரி இறங்குவதற்கு வெகு முன்பே நடக்கிறது. வில்லங்கச் சான்று எடுத்தால் அது தெரிந்துவிடும். அந்தக் கட்டத்திலேயே புகார் போனால் தடுக்கலாம். கட்டடம் எழும்பிய பிறகு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

வரைவையும் வழக்கொழிந்த சட்டத்தையும் நம்புவது

மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் உணர்திறன் பகுதிக்கான வரைவு அறிவிக்கை 2014இலிருந்து திரும்பத் திரும்ப வெளியாகிறது. ஆறாவது வரைவு 2024 ஜூலையில் வந்தது. வரைவு என்பது ஆட்சேபம் கேட்கும் தாள். அதைச் சட்டமாகக் காட்டி வாதாடினால் நிற்காது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் 2013 நவம்பர் 13 அன்று மத்திய அமைச்சகம் பிறப்பித்த உத்தரவு வேறு. புதிய சுரங்கம், குவாரி, பெரிய கட்டுமானம் ஆகியவற்றுக்கு அந்த உத்தரவே தடை விதிக்கிறது. மேற்கோள் காட்ட வேண்டியது அதைத்தான்.

அதேபோல் தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம், 2003 என்று இன்னமும் மனுக்களில் எழுதுகிறார்கள். அது 2013இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஏரி ஆக்கிரமிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டமும் மலை ஓடைக்குப் பொருந்தாது. ஓடைப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு என்றால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும்.

தவறான வாசல், தவறிய கெடு

நல்ல வழக்குகள் அதிகம் செத்துப்போவது இங்கேதான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தன் முதல் அட்டவணையில் உள்ள 7 சட்டங்களை மட்டுமே கையாளும். நீர்ச் சட்டம், வனப் பாதுகாப்புச் சட்டம் 1980, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986 ஆகியவை அதில் உண்டு. வன உயிரினச் சட்டம், வன உரிமைச் சட்டம், மேலே சொன்ன 1949, 1955 சட்டங்கள் இல்லை. அவை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி.

சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை. 91ஆம் நாள் தீர்ப்பாயமே நினைத்தாலும் ஏற்க முடியாது. அனுமதி வழங்கப்பட்டது இணையதளத்தில் ஏறுவது, நாளிதழ்களில் விளம்பரமாக வருவது ஆகியவற்றில் எது முந்தியதோ அதிலிருந்து நாளை எண்ணுங்கள். நகல் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணிக் கெட்டவர்கள் உண்டு. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழான பொது மனுவுக்கு ஆறு மாதம், அதுவும் வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து. அதனால் சுற்றுச்சூழல், வன அனுமதிகள் வெளியாகும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தை வாரம் ஒருமுறையாவது பார்ப்பது ஒருவரின் வேலையாக இருக்க வேண்டும்.

கிராம சபையைச் சடங்காக்குவது

ஒடிசாவின் நியம்கிரி மலையில் வம்சதாராவின் ஊற்றுகளுக்கு மேல் வரவிருந்த பாக்சைட் சுரங்கத்தை 2013இல் 12 கிராம சபைகள் நிராகரித்தன. உச்ச நீதிமன்றம் அந்த முடிவை அவர்களிடம் விட்டது வன உரிமைச் சட்டம், 2006இன் அடிப்படையில். அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு, அருகிலுள்ள நீர்ப்பிடிப்புகளையும் நீராதாரங்களையும் காக்கும் அதிகாரத்தை நேரடியாகவே கிராம சபைக்குத் தருகிறது. வருவாய்ப் பதிவேட்டில் தேடியும் கிடைக்காத 'நீர்ப்பிடிப்பு' என்ற சொல் இங்கே இருக்கிறது. வனவாசிகள் வாழும் மலைகளில் இதைவிட வலுவான கருவி இல்லை.

தவறு என்னவென்றால், ஊராட்சியின் வழக்கமான கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டு அதையே இந்தச் சட்டத்துக்கான தீர்மானமாகக் காட்டுவது. இங்கே கிராம சபை என்பது குக்கிராம அளவிலானது. உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். வருகைக் கையெழுத்துகள் இல்லாத தீர்மானத்தை உட்கோட்ட அளவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சமூக வன வளத்துக்கு (ஊரார் வழக்கமாகப் பயன்படுத்திக் காக்கும் காடு) உரிமை கோரும் படிவம் 'சி'யில் எல்லையை எழுதும்போது ஊற்றுகளின் பெயர்களை, ஊரார் அழைக்கும் அதே பெயர்களில், சேர்த்து எழுதுங்கள்.

உத்தரவோடு நிறுத்திவிடுவது

நிபந்தனையோடு சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிறுவனம், நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததைக் காட்டும் இணக்க அறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தர வேண்டும். அதை எடுத்து, நீங்கள் கோடையில் குறித்த ஊற்றுப் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஓடையிலிருந்து விட வேண்டிய தூரம், மண்ணைக் கொட்டும் இடம், வண்டல் பிடிக்கும் குழி ஆகிய மூன்றில்தான் மீறல் முதலில் தெரியும். தீர்ப்பாய உத்தரவே மீறப்பட்டால் புதிய வழக்கு வேண்டியதில்லை. அதே வழக்கு எண்ணில் நிறைவேற்று மனு போடலாம்.