லைன் டிசைன் சாஃப்ட்வேர் அப்டேட்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிண்டி, அம்பத்தூர் பக்கத்தில், டவர் வழியே போகும் உயரழுத்த மின்லைன்களை வடிவமைக்கும் டிசைன் அலுவலகங்களில் வருடா வருடம் பார்க்கும் காட்சிதான். புது வெர்ஷன் வந்த அன்றே ஒருவர் அதைப் போட்டுவிட்டு, மறுநாள் திருதிருவென்று விழிப்பார். போன வருடம் சேர்ந்தவர் செய்ததையே இந்த வருடம் சேர்ந்தவரும் செய்வார். டிஸ்கில் இடம் இருக்கிறதா, அட்மின் அனுமதி இருக்கிறதா என்பதையெல்லாம் விட்டுவிடுவோம். அவை தானாகவே தெரிந்துவிடும்.

நடக்கிற வேலையைப் புது வெர்ஷனில் திறந்து சேவ் கொடுப்பது

பிஎல்எஸ்-கேட் (PLS-CADD) போன்ற மின்லைன் வடிவமைப்பு மென்பொருளில் ஒரு லைன் என்பது ஒரே கோப்பு இல்லை. சர்வே புள்ளிகள், கிரைட்டீரியா (வடிவமைப்பு விதிகள்), கண்டக்டர் (மின்கம்பி), டவர் மாடல், ஃபீச்சர் கோடு (சர்வே புள்ளி சாலையா, மரமா என்று சொல்லும் குறியீடு) எல்லாம் தனித்தனி. கண்டக்டரும் டவரும் பெரும்பாலும் சர்வரில் பொது லைப்ரரியில் கிடக்கும். நாலு ப்ராஜெக்ட் அதையே எடுத்துக்கொள்ளும். புது வெர்ஷனில் சேவ் ஆன கோப்பைப் பழைய வெர்ஷன் திறக்கும் என்று நம்பக் கூடாது. ஒருவர் தன் கணினியில் மட்டும் அப்டேட் போட்டு, ஒரு டவர் மாடலைத் திறந்து சேவ் கொடுத்தால் போதும், பக்கத்து சீட்டில் வேறு லைன் பார்ப்பவருக்கும் வேலை நின்றுவிடும். உடனே அவசர அவசரமாக எல்லாக் கணினியிலும் புது வெர்ஷன் ஏறும். பழைய விடையை மறுபடி எடுத்துப் பார்க்கும் வழியும் அதோடு அடைபடும்.

தலைவலி அதற்கப்புறம்தான். 230 கேவி லைன். ப்ரொஃபைல் (லைனின் நெடுக்குவெட்டு வரைபடம்) ஒப்புதலாகி, டவர் ஷெட்யூல் (டவர் பட்டியல்) போய், ஃபவுண்டேஷன் பாதி போட்டாயிற்று என்று வையுங்கள். ஒரு ஆங்கிள் டவரின் (லைன் திரும்பும் இடத்து டவர்) யூசேஜ், அதாவது அதன் வலிமையில் எவ்வளவு பயன்படுகிறது என்பது, 98.7 சதவீதமாக இருந்தது, இப்போது 101.2 காட்டுகிறது. இதற்கிடையில் அதே கோப்பில் இரண்டு டவரைத் தள்ளி வைத்து, ஒரு செக்‌ஷனில் டென்ஷனையும் (கம்பியின் இழுவிசை) மாற்றியிருக்கிறார்கள். கூடுதலாக வந்த 2.5 எதனால்? வெர்ஷனாலா, டவரைத் தள்ளியதாலா? “போன மாசம் பாஸான டவர் இப்ப எப்படி சார் ஃபெயில் ஆகுது?” என்று வாடிக்கையாளர் தரப்பு இன்ஜினியர் கேட்டால், “அப்டேட்ல மாறிடுச்சு சார்” என்கிறார்கள். இதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. அது பதிலே இல்லை.

முறை இதுதான். முதலில் பழைய வெர்ஷனிலேயே மென்பொருளின் சொந்த பேக்கப் கட்டளையைக் கொடுங்கள். லைனோடு சேர்ந்த கோப்புகளை அது ஒரே கோப்பாகக் கட்டிக்கொடுக்கும். ப்ராஜெக்ட் ஃபோல்டரை காப்பி எடுத்தால் சர்வரில் உள்ள லைப்ரரி அதில் வராது. பிறகு, அதே பழைய வெர்ஷனில் தொய்வு-டென்ஷன், கிளியரன்ஸ் (இடைவெளி), டவர் யூசேஜ் ரிப்போர்ட் மூன்றையும் எடுத்து, கோப்புப் பெயரிலேயே வெர்ஷன் எண்ணைப் போட்டு வையுங்கள். பேக்கப்பைப் புது ஃபோல்டரில் விரித்து, புது வெர்ஷனில் திறந்து, எதையும் தொடாமல் அதே மூன்று ரிப்போர்ட்டையும் எடுங்கள். தொய்வில் 1 செ.மீ., யூசேஜில் 0.5 சதவீதம்: இதற்கு மேல் வித்தியாசம் வந்தால், ரிலீஸ் நோட்டில் காரணம் கிடைக்கும்வரை அந்த லைன் பழைய வெர்ஷனிலேயே இருக்கட்டும். 230 கேவிக்குத் தரை இடைவெளி குறைந்தது 7.0 மீட்டர் வேண்டும். 7.05 என்று மயிரிழையில் நிற்கும் ஸ்பான்களை (இரு டவர்களுக்கு இடைப்பட்ட தூரம்) முதலில் பாருங்கள்.

கூடவே ஒரு கைக்கணக்கு. ஜீப்ரா ஏசிஎஸ்ஆர் (உள்ளே எஃகு வைத்த ஒரு வகை அலுமினியக் கம்பி) மீட்டருக்கு 1.621 கிலோ, உடைவலிமை 130.32 கிலோநியூட்டன். 32 டிகிரியில், காற்றில்லாமல் உடைவலிமையில் 22 சதவீத டென்ஷன் என்றால் சுமார் 2,923 கிலோ. 350 மீட்டர் சமதள ஸ்பானுக்குத் தொய்வு 1.621 × 350 × 350 ÷ (8 × 2,923) = 8.49 மீட்டர். அதே நிலைக்குத் திரையில் 8.9 வந்தால், கண்டக்டர் கோப்பிலோ டென்ஷன் லிமிட்டிலோ ஏதோ மாறியிருக்கிறது.

ஸ்ட்ரிங்கிங் (கம்பி இழுத்துக் கட்டுவது) தொடங்கிவிட்ட லைனுக்கு இந்த ஒப்பீடுகூட வேண்டாம். சைட்டில் இருப்பது பழைய வெர்ஷனின் தொய்வு அட்டவணை. கடைசி கிளாம்ப் மாட்டும்வரை அதே வெர்ஷன்தான்.

புது ஆப்ஷன் வந்திருக்கிறதே என்று காற்று மாடலை மாற்றுவது

மின்லைன் டவர்களுக்கான இந்தியத் தரக் கோடான ஐஎஸ் 802-இன் சுமைப் பகுதி 1995-க்குப் பிறகு 2015-இல் திருத்தப்பட்டது. எந்தப் பதிப்பைப் பின்பற்றுவது என்பதை ஒப்பந்தம் முடிவு செய்யும், மென்பொருளின் மெனு அல்ல. சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். இது 3 விநாடி வீச்சு. கோட் இதை 1.375-ஆல் வகுத்து, 10 நிமிடச் சராசரியாக 36.4 ஆக்குகிறது. மாடல் எந்த வேகத்தைக் கேட்கிறது என்று பார்க்காமல் 36.4 எதிர்பார்க்கும் இடத்தில் 50 போட்டால், அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 1.89 மடங்காகிவிடும். இதையாவது கண்டுபிடித்துவிடலாம், டவர் எல்லாம் சிவப்பாகத் தெரியும். தானே வகுத்துக்கொள்ளும் மாடலில் 36.4 போட்டால்தான் ஆபத்து. அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடும், எல்லா டவரும் பாஸ், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

யுடிஎம் மண்டலம்

சர்வே ஆயங்கள் எந்த யுடிஎம் மண்டலத்தில் (வரைபடத்துக்காக உலகைத் தீர்க்கரேகைப்படி பிரித்த பட்டை) இருக்கின்றன என்பது முக்கியம். சென்னை 44, கோவை 43. 78 டிகிரி தீர்க்கரேகையைத் தாண்டும் லைன் என்றால் திறந்ததும் இதைப் பாருங்கள்.

டெண்டர் வாரத்தில் அப்டேட்

கூடாது.

எக்செல் மேக்ரோவை மறப்பது

ரிப்போர்ட்டிலிருந்து ஃபவுண்டேஷன் ஷீட்டுக்கு எண்களை இழுக்க எல்லா அலுவலகத்திலும் ஒரு மேக்ரோ இருக்கும். எழுதியவர் வேலையை விட்டே போயிருப்பார். அது பெரும்பாலும் “ஏழாவது காலம்” (column) என்றுதான் தேடும். புது வெர்ஷனில் ரிப்போர்ட்டில் ஒரு காலம் கூடினால், செங்குத்துச் சுமையின் இடத்தில் குறுக்குச் சுமை வந்து உட்காரும். இரண்டும் கிலோநியூட்டன்தான் என்பதால் எக்செல் முணுமுணுக்காது. காலத்தை எண்ணால் தேடாமல் தலைப்பால் தேடும்படி மாற்றுங்கள். அதற்கு நேரமில்லை என்றால், ஒரு சஸ்பென்ஷன் டவர் (கம்பியைத் தொங்கவிட்டுத் தாங்குவது), ஒரு டெட் எண்ட் டவர் (கம்பி முடியும் இடத்தில் முழு இழுவிசையையும் தாங்குவது) இரண்டுக்கும் ரிப்போர்ட்டையும் ஷீட்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணாகக் கண்ணால் சரிபார்த்துவிட்டு ஷீட்டை அனுப்புங்கள்.